சல்லடையில் ஒட்டிய பருக்கைகள்

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற மிஷின் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்துவிட்டது, பாதி வீடுகளில் பிரிட்ஜும் வந்துவிட்டது. பாத்திரம் கழுவுகிற மிஷின் மட்டும் ஊரிலேயே என் வீட்டில்தான். அதுவும் நான் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள்.

நான்கு வருஷம் ஒரு கொரியாக்கார இன்ஜினியர் வீட்டுக்கு வாட்ச்மேனாக இருந்தேன். கேட்டில் நிற்கிற வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அப்புறம் தோட்டம் வந்தது, மோட்டார் போடுவது வந்தது, கடைசியில் இந்த மிஷினும் வந்து சேர்ந்தது. அந்த வீட்டு மேடத்துக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. கையாலேயே பேசிக்கொள்வோம். மிஷினுக்கு அடியில் ஒரு சல்லடை இருக்கிறது, அதை இடது பக்கம் திருகித் தூக்கிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும் என்பதை அந்த அம்மாள் தரையில் மண்டியிட்டுச் செய்தே காட்டினார். தண்ணீர் பீய்ச்சுகிற கை மேலே ஒன்று, கீழே ஒன்று. அதில் பொடிப்பொடி ஓட்டைகள். அவை அடைக்கக் கூடாது. கதவைச் சுற்றி இருக்கிற ரப்பரைத் துடைக்க வேண்டும். உப்பு போட ஒரு தனி வாய் உண்டு. உப்புத் தண்ணீரின் குணத்தை மாற்ற உப்பே போட வேண்டுமாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாயிரத்து நாலு கடைசியில் இன்ஜினியருக்கு அவர் நாட்டுக்கே மாற்றலானது. மேடம் மிஷினைத் தட்டிக் காட்டினார், என் பக்கம் விரலை நீட்டினார், "யுவர் வைஃப்" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன்.

என் வைஃப் செங்கமலம் இடுப்பில் கைவைத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, பீரோவா?"

"பாத்தரம் கழுவற மிஷினு."

"அது பாத்தரம் கழுவினா, நான் அது மேல குந்திகினு வேடிக்க பாக்கவா? ஓரமா தள்ளு."

ஓரமாகத் தள்ளினேன். அதன் மேல் ஒரு பூப்போட்ட துணியை விரித்து டிவியைத் தூக்கி வைத்தாள். ஆறு மாதம் அது டிவி ஸ்டாண்டாக இருந்தது. நானும் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி கேட்டில் காலை ஷிஃப்ட் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டேன்.

ஆனி மாதக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், செங்கமலம் குழாயடிக் கல்லில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் நிறைகுடம். குடத்தை விட்டுவிட்டு விழுந்திருந்தால் சும்மா ஒரு சிராய்ப்போடு போயிருக்கும். அவள் விடவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருக்கிறது என்றார்கள். மூன்று மாதம் படுக்கை. பெல்ட் கட்டிக்கொண்டு கக்கூஸ் வரை நடக்கலாம். குனியவே கூடாது, கீழே உட்காரவே கூடாது.

"மீறிக் குனிஞ்சாங்கன்னா எலும்பு நரம்ப அழுத்திடும். அப்புறம் கால் வராது, பாத்துக்குங்க" என்றார் டாக்டர்.

எங்கள் மகள் கங்கா வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்தவள். பத்து நாள் வந்து இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். அவள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, எத்தனை நாள் இருப்பாள்? காலையில் நான் டியூட்டியில் இருக்கும்போது எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு ஒரு எட்டு வந்து பார்ப்பதாகச் சொன்னாள். மதியத்திலிருந்து நான்தானே இருக்கிறேன் என்று கங்காவை பஸ் ஏற்றிவிட்டேன்.

அன்றைக்கு மதியம் நானே சோறாக்கி, குழம்பு என்று ஒன்று வைத்து, இருவரும் சாப்பிட்டோம். சமைப்பதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. "கல்யாணத்துல ஆம்பளைங்க தான சமைக்கிறாங்க" என்றாள். சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு நான் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். குழாயைத் திறந்து முதல் தட்டைத் தேய்த்திருப்பேன். பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு செங்கமலம் நிற்கிறாள். முகமெல்லாம் வேர்வை.

"வைய்யா கீழ."

"நீ ஏன்மே எழுந்து வந்த? போய்ப் படு."

"வைன்றேன்ல."

என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கக் குனிந்தாள். பாதியில் அவள் உடம்பு அப்படியே நின்றுவிட்டது. அன்று அவள் போட்ட கூச்சல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். பறந்தபின் நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். அன்று பறந்தது அந்தத் தட்டு. அதன் விளிம்பில் சொட்டை இன்னும் இருக்கிறது.

"ஒரு தட்டு கழுவினா என் கௌரவம் கொறஞ்சிடுமா? கால் போனா போவுதுன்னு எழுந்து வர்றியே, புத்தி கீதா உனுக்கு?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கம்மா படுத்துகினு இருந்தப்போ எங்கப்பன்தான் அவ தட்ட கழுவிச்சு. அதுக்கு மின்னாடி அந்த ஆளு தண்ணி கூட மொண்டு குடிச்சதில்ல. அவரு தட்ட கைல எடுத்த அன்னிக்கே அம்மா என்னான்ட சொல்லிச்சு, 'உங்கப்பன் என் தட்ட கழுவ ஆரம்பிச்சிட்டான், நான் போவப் போறேன்டி'ன்னு. இருபத்தோரு நாளு கழுவிச்சு. இருபத்தோராம் நாளு அம்மா போய்டுச்சு. என் தட்ட நீ தொடாதய்யா. தொட்டன்னு தெரிஞ்சா நான் நகந்துனாவது வந்து புடுங்குவேன்."

இருபத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நான் நினைத்தது போல் இது மரியாதை விவகாரம் இல்லை. அவள் பயந்துபோய் இருந்தாள். அதைப் பார்த்து எனக்கும் பயம் வந்துவிட்டது. நீ இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "சரி சரி, அழுவாத" என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் டிவிக்குக் கீழே இருந்த பூப்போட்ட துணி கண்ணில் பட்டது.

"மிஷின் கழுவினா?"

கூரையை விட்டு டிவி பக்கம் திரும்பினாள். "மிஷின் கழுவினா பரவால்ல. அது இன்னா, எனுக்குப் புருஷனா?"

எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிற இசக்கிபாண்டி கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. பெண்டாட்டி பிள்ளையை ஊரிலிருந்து அழைத்து வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து மிஷினைச் சமையலறையில் பொருத்திக் கொடுத்தான். மொட்டைமாடி டேங்கிலிருந்து ஒரு குழாய். அழுக்குத் தண்ணீர் போக, சுவரில் ஓட்டை போட்டு வெளியே இன்னொரு குழாய். செங்கமலம் படுத்திருந்த கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே வாழைமரம். தண்ணீர் வாழைக்குப் பாயட்டும் என்று குழாயின் வாயை அங்கே விட்டோம்.

முதல் நாள் கடையில் விற்கிற சோப்புத் தூளைப் போட்டு ஓட்டினேன். பத்து நிமிஷத்தில் கதவின் இடுக்கெல்லாம் நுரை. சமையலறை, நடை, வாசற்படி எங்கும் நுரை. நான் துடைப்பத்தை வைத்துக்கொண்டு நுரையோடு சண்டை போடுவதைக் கட்டிலில் இருந்தபடியே பார்த்து அவள் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். "சிரிக்க வெக்காதய்யா, முதுகு வலிக்குது" என்று பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்காக இன்னொரு முறை நுரை வந்தாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் மேடம் விட்டுப்போயிருந்த டப்பாவைத் தேடி எடுத்தேன். அந்தத் தூளில் நுரையே வரவில்லை.

அதிலிருந்து மிஷினுக்கு நான் வேலைக்காரன், கட்டிலில் படுத்திருந்தவள் சூப்பர்வைசர்.

"ஜல்லடைய கழுவினியா?"

"கழுவினேன்."

"கழுவறத்துக்கு மின்னாடி எடுத்தாந்து காட்டு."

எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன். சல்லடையில் இருப்பதில் பாதிக்கு மேல் அவள் தட்டில் இருந்து வந்ததுதான். செங்கமலம் சாப்பிட்டால் தட்டின் ஓரத்தில் ஒரு வாய்ச் சோறு, கறிவேப்பிலை, மிளகாய் எல்லாம் ஒதுங்கியிருக்கும். ஒரு வாய் மிச்சம் வைக்காவிட்டால் அவளுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. கேட்டால் நாய்க்கு என்பாள். நான் வழித்துப் போட்டாலும் நாலு பருக்கை தப்பித்து சல்லடைக்குப் போய்விடும்.

அதைவிடப் பெரிய தலைவலி கடுகு. தாளித்த கடுகு தண்ணீர் பீய்ச்சுகிற கைகளின் ஓட்டைகளுக்கு அளவெடுத்துச் செய்தது போல் போய் உட்கார்ந்துகொள்ளும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சும்மாவா சொன்னார்கள்? விளக்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திக் கடுகை வெளியே எடுப்பேன். பழைய பனியன் துணியால் ரப்பரைத் துடைப்பேன். எங்கள் போர் தண்ணீரில் டம்ளர்கள் எல்லாம் வெள்ளை பூத்துப்போகும். பிழிந்த எலுமிச்சம்பழ மூடிகளை உள்ளே போட்டு ஓட்டினால் கொஞ்சம் தெளியும். உண்மையைச் சொன்னால், அந்த மிஷின்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது. அது ஓடி முடித்து, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கடகடவென்று வாழையடியில் விழும்போது, "முடிஞ்சிதுய்யா, போய்த் தொற" என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

மூன்று வாரம் போனது. மேடம் விட்டுப்போன உப்புப் பை காலியானது. உப்புதானே, அதில் என்ன பெரிய கொரியா உப்பு என்று, சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு தெருவில் கூவி வருகிறவரிடம் இரண்டு படி கல்லுப்பு வாங்கி அந்த வாயில் கொட்டினேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இந்த மிஷின் ஐந்தாம் நாளே என்னை மறந்தது. தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் மட்டும் உர்ரென்று உறுமிக்கொண்டே இருந்தது.

இசக்கிபாண்டியைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்தவன் தலையில் கைவைத்தான்.

"என்னண்ணாச்சி, உப்புன்னு சொல்லி வண்டலல்லா போட்டிருக்கிய! உப்பளத்து மண்ணு பூரா உள்ள போயி அடைச்சிட்டு."

"மெதுவா பேசுப்பா. உள்ள அவ காதுல வுழப்போவுது."

"இந்த உப்பு டப்பாவையே மாத்தணும், பாத்துக்கிடுங்க. மெட்ராஸ்ல கெடைக்கிமான்னே தெரியல. அந்த நாட்டுல இருந்துதான் வரணும் போல."

டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் பாதிகூட அப்போது முடியவில்லை. மிஷின் செத்தது என்று சொன்னால் செங்கமலம் எழுந்து வருவாள். வந்து குனிவாள். நான் கழுவுகிறேன் என்றாலும் எழுந்து வருவாள், அதோடு தனக்குச் சாவு வந்துவிட்டது என்றும் முடிவு கட்டிவிடுவாள். இசக்கிபாண்டி போன பிறகு நான் மிஷின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

மிஷினின் திருகைத் திருப்பினேன். உர்ரென்றது. அது உறுமட்டும் என்று விட்டுவிட்டு, தரையில் கோணியை விரித்து, இரண்டு பக்கெட் தண்ணீர் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தட்டு தட்டில் பட்டால் சத்தம் வரும். ஆகையால் ஒவ்வொன்றாக, பழந்துணியின் மேல் வைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி விட்டுக் கழுவினேன். என் வாழ்க்கையில் ஒரு வேலையை அவ்வளவு மெதுவாக நான் செய்ததில்லை. கழுவிய பாத்திரங்களை மிஷினுக்குள் அடுக்கினேன். அழுக்குத் தண்ணீரைப் பின்பக்கக் கால்வாயில் கொண்டுபோய்ச் சாய்த்தேன். மோட்டாரை நிறுத்தினேன்.

"ஜல்லடைய காட்டு" என்றாள் உள்ளேயிருந்து.

சல்லடை காய்ந்து கிடந்தது. சட்டென்று பானையில் இருந்து நாலு பருக்கையும், குழம்பில் இருந்து ஒரு கறிவேப்பிலையும் எடுத்து அதில் ஒட்டி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு போனேன். பார்த்தாள். "ம்" என்றாள்.

மறுநாளில் இருந்து என் தட்டில் நாலு பருக்கையை எடுத்துத் தனியாக வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் சோற்றையே சல்லடையில் வைத்து மறைத்தேன்.

நல்லவேளையாக அந்த நாட்களில் செங்கமலத்துக்குப் பசி திரும்பிவிட்டது. தட்டில் மருந்துக்குக்கூட ஒரு பருக்கை இருக்காது. கறிவேப்பிலையையும் தின்றுவிடுவாள், முருங்கைக்காய்ச் சக்கையை ஒரு காகிதத்தில் மடித்துவிடுவாள், குழம்பைக்கூட விரலால் வழித்துச் சாப்பிட்டுவிடுவாள். தட்டு பாதி கழுவினது மாதிரியே என் கைக்கு வரும். உடம்பு தேறுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். என் சமையலும் நன்றாக வருகிறது போல என்று கொஞ்சம் கர்வமும் வந்தது.

ஒருநாள் மட்டும் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். மிஷின் உறுமிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கழுவுகிற மும்முரத்தில் நான் அதைக் கவனிக்காமல் மீதிப் பாத்திரத்தையும் கழுவி முடித்து, அடுக்கி, ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

"கரண்டே இல்ல. எப்டிய்யா கழுவிச்சு?"

"அது... போறத்துக்குள்ளயே முடிச்சிடுச்சி. சுறுசுறுப்பான மிஷினு."

"ஆமா, ஆமா" என்று தண்ணீரைக் குடித்தாள்.

இன்னொரு சாயங்காலம் மாத்திரை கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது.

"இன்னாய்யா வெரலு இப்டி கீது?"

"வாழைக்கு தண்ணி வுட்டேன்."

அதற்கு மேல் கேட்கவில்லை. கையையும் விடவில்லை. டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அது முடிகிற வரைக்கும் என் விரல்களைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் நகரவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஐம்பத்திரண்டு நாள் ஓடியது. என்னைவிடக் கெட்டிக்காரன் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம், பெல்ட் மட்டும் இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்றார். வெளியே வந்து ஒரு டீக்கடை ஓரமாக நின்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புழுதி என்று அவளிடம் சொன்னேன்.

பூஜையன்று ரோடு முழுக்க வாழைக்கன்று கட்டிய கம்பெனி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாக இருந்தது. எங்கள் கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். லைனில் இருக்கிற மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி கடலை. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, பொட்டலத்தை சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சின்னப்பொண்ணு வந்து சமைத்து வைத்து, பூஜைக்கும் உதவிவிட்டுப் போயிருந்தாள் போலிருக்கிறது. அரிவாள்மணை, அம்மிக்கல், டிவி, தையல் மிஷின் எல்லாவற்றிலும் பொட்டு. செங்கமலத்தைக் கட்டிலில் காணோம். சமையலறையில் நாற்காலி போட்டு, குளித்த ஈரத் தலையோடு, மடியில் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாத்திர மிஷினின் கதவு திறந்திருந்தது. சல்லடை அவள் கையில் இருந்தது.

"மூணு மாசமா எனுக்கு ஒழைச்சதுக்கு பொட்டு வெக்கணும்ல" என்றாள்.

"வையேன். யாரு வாணாம்னா?" என்றேன்.

"கைய நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுய்யான்றேன்ல."

நீட்டினேன். வலது புறங்கையில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். இடது கையிலும் வைத்தாள். மிஷினுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

"எப்பத்லேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் நாளே தெரியும். மிஷின் சத்தம் கேக்குது, ஜன்னலாண்ட தண்ணி வுழல. நான் இன்னா செவிடா? சரி, பாக்கலாம்னு என் தட்டுல ஒரு பருக்க இல்லாம துன்னுட்டுக் குடுத்தேன். நீ ஜல்லடைல சோறும் கருவேப்பிலையுமா எடுத்தாந்து காட்டற. எங்கேர்ந்துய்யா வந்துச்சு?"

"அப்பால ஏன் தினமும் அப்டியே துன்ன?"

"உனுக்குத் தேய்க்க சுலபமா இருக்கட்டும்னுதான்."

நான் மிஷினின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். நகர்ந்தாவது வந்து பிடுங்குவேன் என்று சொன்னவள் இவள். ஏன் வரவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"எழுந்து வந்துடலாம்னுதான் பாத்தேன். பயமா இருந்துச்சு. அம்மா மேரியே நானும் போய்டுவனோன்னு. அப்டியே காத வெச்சுக் கேட்டுகினு படுத்திருந்தேன். எங்கப்பன் கழுவினா தெருவுக்கே கேக்கும். தட்டத் தூக்கி அடிச்சி, பொலம்பிகினே கழுவும். நீ ஒரு சத்தம் இல்லாம கழுவிகினு இருந்த. அவ்ளோ கோவக்கார ஆளு, எனுக்குக் கேக்கக் கூடாதுன்னு... அத்தக் கெடுக்க மனசு வரல எனுக்கு. ஆனது ஆவட்டும்னு நாள எண்ண ஆரம்பிச்சேன்."

"எண்ணினியா?"

"இருபத்தோரு நாளும் எண்ணினேன். இருபத்தோராம் நாளு ராத்திரி உன் கைய புடிச்சிகினே தூங்கினேன், உனுக்குத் தெரியாது. மறுநாளு காலைல முழிச்சிகினேன். நீ டீ போட்டுகினு இருந்த. நான் இருந்தேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இருபத்தோரு நாள் சாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒருத்தி தனியாகப் படுத்திருக்கிறாள், நான் பக்கத்து அறையில் பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். "பைத்தியக்காரி, என்னான்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். கையில் எறிவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு கையிலும் பொட்டு இருந்தது. அப்படியே அவள் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே, "சரி சரி, அழுவாத" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடுப்படியில் கழுவக் கிடந்த பெரிய பாத்திரத்தை எடுக்கப் போனேன்.

"தொடாத. பொட்டு வெச்ச சாமானுக்கு இன்னிக்கு லீவு" என்றாள். மழையில் தழைத்திருந்த வாழையில் இரண்டு இலையைச் சின்னப்பொண்ணு ஏற்கெனவே அறுத்து வைத்திருந்தாள். அதில் சாப்பிட்டோம். பாத்திரம் எல்லாம் அப்படியே கிடந்தது.

மறுநாள் விஜயதசமி. எனக்கு வார லீவு. மதியம் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, விளிம்பு சொட்டையான அந்தத் தட்டில் நிதானமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, ஓரத்தில் ஒரு வாய்ச் சோற்றை ஒதுக்கினாள். கறிவேப்பிலையைப் பொறுக்கி அதன் மேல் வைத்தாள். ஒரு மிளகாயையும் வைத்தாள். எல்லாம் பழையபடி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. சோத்த நாய்க்குப் போட்டுட்டுக் கழுவிகினு வா. கொழாயடியிலயே கழுவு. சத்தம் வந்தா பரவால்ல."

நான் தட்டை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.